அக்டோபர் சீட்டு

நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம்:
குடும்பத்தின் மாத வருமானம்.
அதை மட்டும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.

அக்டோபரில் நாங்கள் பணக்காரர்கள்.
செம்பனை சலிக்காமல் குலை தள்ளிய மாதம்.
அப்பா ஞாயிறும் அறுத்தார்,
தீபாவளிக்கு முதல்நாளும் அறுத்தார்.
ஓவர்டைம், குலைக்காசு, உதிரி பொறுக்கிய காசு
எல்லாம் கூட்டினால்
அறக்கட்டளை கிழித்த கோட்டை
முப்பத்தெட்டு வெள்ளி தாண்டிவிட்டோம்.

கடைசி நாள் நவம்பர் பத்து.
நவம்பரோ இப்போதே நனைந்து கிடக்கிறது.
பள்ளக்காட்டுக்குள் டிராக்டர் இறங்கவில்லை.
அப்பா தீட்டிய அரிவாளையே மறுபடி தீட்டுகிறார்.
அந்த ஏழைச் சீட்டு கைக்கு வர
டிசம்பர் ஏழாகிவிடும்.
எங்கள் வறுமைக்குத்
தேதி பார்த்து வரத் தெரியவில்லை.

நாட்காட்டியின் பின்புறம் என் கணக்கு.
பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம்,
பகாவிலிருந்து பெர்லிஸுக்கு பஸ்,
கல்லூரிக் கோட்டு ஒன்று
(அந்த வெயிலில் எதற்கோ, கட்டாயமாம்).
எதிர்ப்பக்கம்
ஜொகூரில் லோரி ஓட்டும் அண்ணன் அனுப்புவது,
அம்மாவின் கூட்டுக்காசு.
அம்மாவுக்கு எட்டாவது கை.
மூன்றாவது கை அம்சவேணி அக்காவுக்கு;
மாற்றிக்கொள்ள யோசிக்கிறார்,
மகளுக்கு நிச்சயமாம்.
கடன் வாரியம் தருவதை
இரண்டு பக்கமும் எழுதினேன்,
வரவு என்றும் செலவு என்றும்.

ஆறாம் பக்கம் கேட்கிறது:
உங்கள் குடும்பத்தின் சிரமங்களை
முந்நூறு சொற்களுக்கு மிகாமல் விளக்குக.

வெங்காயம் உரித்தபடி அம்மா தணிக்கை செய்கிறாள்.
"சக்கரை வியாதிய எழுது, பரவால்ல.
சங்கிலி அடகுல கிடக்குன்னு எழுதாத.
தெரிஞ்சவங்க யாராச்சும் படிச்சிடுவாங்க."
சங்கிலியை அழித்தேன்.
கூரை ஒழுகுவதையும் அழிக்கச் சொன்னாள்.
லயத்தில் எல்லார் கூரையும்தானே ஒழுகுகிறது,
விட்டுவைத்தேன்.
அப்பா குடித்த காலத்தைப் பற்றி
அவள் எதுவும் சொல்லவில்லை.
நானும் எழுதவில்லை.
மிஞ்சியவை நூற்றுப் பதினெட்டுச் சொற்கள்.

கிராணி மாரிதாஸ் ஒரு வழி சொன்னார்:
"அடிப்படைச் சம்பளத்த மட்டும் போட்டு
ஒரு கடிதம் தரேன், வச்சு அனுப்பு."
பொய் இல்லை. முழுசும் இல்லை.
நன்றி சொல்லி வாங்கினேன்.
இன்னும் பைக்குள் மடித்தபடி இருக்கிறது.

இரவு அப்பா
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளைத் தந்தார்.
"இத மேல வையி.
இந்தத் தோட்டத்துல இந்த வருஷம்
இவ்ளோ யாரும் எடுக்கல.
பாத்தாலே தெரியும்,
உழைக்கிற வீட்டுப் புள்ளன்னு."
அக்டோபர் சீட்டு.

முப்பத்தெட்டு வெள்ளியை
நான் எந்த வாயால் சொல்வேன்.
"சரிப்பா."

சனிக்கிழமை டவுனில்
ஆ ஹோக் கடையில் போட்டோஸ்டேட்.
பக்கத்துக்கு இருபது காசு.
பிஸ்கட் டின்னில் அப்பா சேர்த்தவற்றில்
போன நவம்பர் தொடங்கிப்
பன்னிரண்டு சீட்டும் எடுத்துப்போயிருந்தேன்.
ஒரு மாதம் கேட்டவர்கள்
ஒரு வருடத்தைப் படிப்பார்களா, தெரியாது.
பன்னிரண்டால் வகுத்தால்
கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறோம்.
நிறையவே கீழே.

பெப்ரவரியில் ஒரு கிரீஸ் கறை.
நகலில் கறுப்பாக விழுந்தது,
சரியாகத் தொகையின் மேல்.
இன்னொன்று எடுக்கட்டுமா என்று சைகை காட்டினார்.
வேண்டாம் என்று தலையாட்டி
இரண்டு வெள்ளி நாற்பது காசு கொடுத்தேன்.

கல்லாவில் கயிறு கட்டித் தொங்கிய பேனாவை இழுத்து
நான்காம் பக்கத்தைத் திறந்தேன்.
பென்சில் எண் மேலேயே எழுதினேன்,
அதே எண்ணை.
கயிறு கொஞ்சம் எட்டவில்லை,
கடைசி சுழியம் கோணலாகிவிட்டது.

பிறகு சீட்டுகளை அடுக்கினேன்.
அக்டோபர் மேலே.